ஒன்பதில் நின்ற பை வரிசை

மாத்தளை கொங்காவெலயில் யஹ்யாவின் அரைவை மில்லைத் தெரியாத பெண் ஒருத்தி இருந்தால், அவள் பக்கட் தூள் வாங்கிச் சமைக்கிறவளாகத்தான் இருப்பாள். அவளைப் பற்றி நமக்கு இங்கே பேச்சில்லை. மற்றவர்கள் சனிக்கிழமை விடிந்தால் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்துக் கட்டிக்கொண்டு, ஊறவைத்து உலர்த்திய அரிசியையும் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் வந்து இறங்குவார்கள். டவுனுக்குள் இருக்கும் முஸ்லிம் வீடுகளில் இருந்தும் வருவார்கள், எல்கடுவப் பக்கத் தோட்டங்களில் இருந்து பஸ் பிடித்தும் வருவார்கள்.

அங்கே வரிசையில் நிற்பது ஆள் இல்லை, பை. வருகிறவள் தன் பையை வரிசையின் வாலில் வைத்தால் போதும், இடம் அவளுடையது. ஆனால் பை யந்திரத்தடிக்கு வரும் நேரத்தில் சொந்தக்காரி பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் கண் பார்க்காமல் ஒரு பிடி மல்லி உள்ளே போகாது. யாருடைய மிளகாய் யாருடைய பையில் போனது என்று பிறகு வழக்குப் பேச யாராலும் முடியாதல்லவா? ஆள் இல்லாவிட்டால் பை திரும்ப வாலுக்குப் போகும். இந்தச் சட்டத்துக்குப் பயந்து ஒருத்தியும் வாசலை விட்டு நகர மாட்டாள். ஐம்பது பைக்கு ஐம்பது பெண்கள், பிள்ளைகள் தனி.

மில் பேருக்குத்தான் யஹ்யாவினுடையது. அவர் மிளகும் கறுவாப்பட்டையும் வாங்கி விற்கிற வியாபாரி, பாதி நாள் தம்புள்ளையில் இருப்பார். மில்லை நடத்துகிறவள் அவர் மனைவி ஜுனைதா. வயது நாற்பத்திரண்டு. எதையும் கழற்றிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. சல்லடைத் தகடு மாற்ற மெக்கானிக் வந்த முதல் தடவை பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டாம் தடவை மெக்கானிக்குக்கு வேலை இருக்கவில்லை. அதைவிட அவளுக்கு உயிர், வாசலில் காத்திருக்கும் பெண்களின் பேச்சு. யார் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்தத் தோட்டத்தில் நேற்றுச் சிறுத்தை நாயைத் தூக்கியது, எல்லாம் யந்திரச் சத்தத்தை மீறிக் கத்திப் பேசப்படும். மகள் ஆதிபா கலியாணம் முடித்துப் போனபின் வாரம் முழுக்க அவள் சனிக்கிழமைக்குத்தான் காத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் யஹ்யா உலை வைத்தார். சீகிரியாவில் மூன்று ஹோட்டல்களுக்குச் சாமான் கொடுக்கிற ஒருவர், வாரா வாரம் மூட்டைக் கணக்கில் தூள் அரைத்துத் தர முடியுமா என்று அவரிடம் கேட்டிருந்தார்.

“மூட்டை சண்டை பிடிக்காது ஜுனைதா. இந்தப் பொம்புளைகள் வாசல அடைச்சிக்கிட்டுப் போடுற சத்தம் மெயின் ரோட்டு வரைக்கும் கேக்குது. நோன்போட இத நிப்பாட்டுவோம். ஹோட்டல் மூட்டை மட்டும் போதும்.”

“அந்தப் பொம்புளைகள் எங்க போவாங்க?”

“டவுன்ல வேற மில் இல்லையா?”

“இருக்கு. அங்க நான் இல்லையே!”

யஹ்யா கெட்ட மனிதர் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். “நோன்புக்கு இன்னும் ரெண்டு சனிக்கிழம இருக்கு. வாசல் அடைபடாம, சத்தம் சண்டை இல்லாம நடத்திக் காட்டு. அப்ப ஒன் வரிசை இருக்கட்டும். இல்லாட்டி மூட்டைதான்” என்றார்.

ஜுனைதா இரண்டு நாள் இதையே போட்டுக் குடைந்தாள். பெண்கள் ஏன் நகராமல் நிற்கிறார்கள்? தன் முறை எப்போது வரும் என்று தெரியாததால். இப்போது எத்தனையாவது பை அரைபடுகிறது என்று போனில் தெரிந்தால்? சந்தைக்குப் போவார்கள், டிஸ்பென்சரிக்குப் போவார்கள், முறை நெருங்கும்போது வருவார்கள். வாசல் காலி. யஹ்யாவின் வாயும் மூடிவிடும்.

கலியாணத்துக்கு முன்னால் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போய், வெப்பேஜ் எழுதப் படித்தவள் அவள். இருபது வருஷத்துக்கு முந்திய படிப்பு. ஆதிபா விட்டுப்போன லப்டொப்பை மில் மேசையில் வைத்து, தமிழில் பாடம் நடத்தும் வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தாள். சென்னைப் பக்கத்துத் தம்பி ஒருவன் மூச்சு விடாமல் பேசினான். இப்போதெல்லாம் பக்கத்தை நேரே எழுதுவதில்லையாம். வியூ என்று ஒரு கட்டமைப்பாம், அதைக் கட்டி எழுப்ப வீட் என்று ஒரு கருவியாம், அது ஓட நோட் என்று இன்னொன்றாம்.

“இதெல்லாம் ஏன்னு இப்ப கேக்காதீங்க ப்ரோ, அப்படியே டைப் பண்ணுங்க” என்றான் அவன்.

கேட்காதே என்றால் ஜுனைதாவுக்கு நாக்கு அரிக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாகத் தோண்டினாள். நோட் எதற்கு? பிரவுசருக்குள் மட்டும் ஓடுகிற மொழியை வெளியிலும் ஓட வைக்க. சரி. இந்தப் பெக்கேஜ் பைல் எதற்கு? என்னென்ன சாமான் வேண்டும் என்ற துண்டு, கடைக்கு அனுப்புகிற துண்டு மாதிரி. சரி. அந்தத் துண்டைக் காட்டி இன்ஸ்டோல் என்று ஒரு சொல் அடித்ததும், கறுப்புத் திரையில் எழுத்துக்கள் ஓடி, ஒரு போல்டர் வந்து குந்தியது. திறந்து பார்த்தாள். உள்ளே போல்டர், அதற்குள் போல்டர், எண்ணிப் பார்க்கப் போனால் ஆயிரக்கணக்கில் பைல்கள்.

“யா அல்லாஹ், ஒரே ஒரு நம்பர் காட்ட இத்தன சாமானா!” என்று வாய்விட்டுச் சொன்னாள். யந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த அரிசி முடிந்து வெறும் கல் உரசுகிற சத்தம் கேட்டபிறகுதான் எழுந்து ஓடினாள்.

புதன்கிழமை அந்த அதிசயம் நடந்தது. ரன் டெவ் என்று அடித்ததும் திரையில் ஒரு முகவரி வந்தது. திறந்தால் பக்கம். நடுவில் பெரிதாக 1. எழுதும் இடத்தில் ஒன்றை இரண்டாக்கிச் சேவ் பண்ணினாள். பக்கத்தைத் தொடவே இல்லை, அங்கே தானாக 2 வந்து நின்றது. மூன்றாக்கினாள், மூன்று. “ஆ!” என்றாள். போனில் பார்க்க வேண்டுமானால் ஹோஸ்ட் என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னான் தம்பி. சேர்த்ததும் எண்களும் புள்ளிகளுமாக இன்னொரு முகவரி வந்தது. போனில் அடித்தாள். வந்தது! லப்டொப்பில் நான்காக்கிச் சேவ் பண்ணினால், கையில் இருந்த போனிலும் அதே நொடியில் நான்கு.

அன்று மா அரைக்க வந்திருந்த பத்துப் பேருடைய போனையும் மில் வைஃபையில் போட்டு, முகவரியை அடித்துப் பார்த்தாள். பத்திலும் வந்தது. ஐந்து என்று மாற்றினால் பத்துத் திரையும் ஒன்றாக ஐந்து. பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். வெப்சைட் என்றால் இவ்வளவுதானா, இதற்கா அந்தக் காலத்தில் ஆறு மாதம் படித்தோம் என்று ஜுனைதாவுக்குத் தலை கால் புரியவில்லை. முகவரியைக் கியூஆராக்கி, கொமினிகேஷன் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வாசலில் ஒட்டினாள்.

முதல் சனிக்கிழமை ஐம்பத்தொரு பை. ஒவ்வொரு பைக்கும் ஒரு நம்பர்த் துண்டு கொடுத்தாள். எல்லோரும் மில் வைஃபையில் சேர்ந்து, வாசலில் நின்று படத்தைப் போனில் பிடித்து, பக்கம் திறந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். “போங்க, போய் ஒங்க வேலையப் பாருங்க. ஒங்க நம்பருக்கு ரெண்டு மூணு முந்தி வந்தாப் போதும்” என்று அவளே விரட்டினாள். ஒன்பதாவது பை அரைபடும்போது வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜுனைதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பத்துக்கு ஆள் வரவில்லை. பதினொன்றுக்கும் இல்லை. கொஞ்சம் பார்த்தாள். சட்டம் சட்டம்தானே, பைகளை வாலுக்குத் தள்ளினாள். பன்னிரண்டும் பதின்மூன்றும் பதினான்கும் போயின. பதினைந்துக்காரி பக்கத்து வீட்டுக்காரி, தற்செயலாக எட்டிப் பார்த்ததால் அரைத்துக்கொண்டு போனாள். ஜுனைதா ஒவ்வொரு பைக்கும் ஒழுங்காக நம்பரை மாற்றிச் சேவ் பண்ணினாள். அவள் போனில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது.

பதினொரு மணிக்குப் பிறகுதான் ஒவ்வொருத்தியாக வரத் தொடங்கினார்கள். பதினான்காம் நம்பர் பீபி மாமி. அறுபது வயது, தொண்டை மட்டும் இருபது. “ஒன்பதுதானே காட்டுது! இங்க பாரு! ஒன்பது! ஒன்பதுல நிக்கிற நேரம் என்ட பை எப்புடி வாலுக்குப் போகும்?” என்று போனை எல்லோர் முகத்திலும் காட்டினார். உண்மைதான், ஒன்பது. சிலர் போனில் ஒன்பது, சிலர் போனில் ஏழு, புதிதாகத் திறந்தவர்கள் போனில் ஒன்றுமே இல்லை. மாமி தன் பையை இழுத்து முன்னால் வைத்தார். முன்னால் இருந்தவள் அதை இழுத்தாள். இரண்டுக்கும் நடுவில் யாருடையதோ இரண்டு கிலோ அரிசிமா கவிழ்ந்து தரையெல்லாம் வெள்ளை. ஊரே கூடிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகப் போயிற்று. அந்த நேரம் பார்த்தா யஹ்யாவின் வேன் வந்து நிற்க வேண்டும்?

எல்லாம் அடங்கிய பிறகு வந்தவள் கமலாட்சி. எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறிக்கிறவள், நாலு வருஷமாக இங்கேதான் அரைக்கிறாள். அவள் சத்தம் போடவில்லை.

“எனக்கு இருபத்தொண்ணு அக்கா. பஸ் ஸ்டான்டுல ஒக்காந்து ஒங்க நம்பரயே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒன்பது, ஒன்பது, ஒன்பதுன்னே காட்டிச்சு. ஒண்ணர பஸ் போயிருச்சு. இனி அஞ்சர பஸ்தான். புள்ளைங்க வீட்டுல தனியா இருக்குதுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான அக்கா நம்பிப் போனேன்?”

ஜுனைதா உடனே யந்திரத்தைப் போட்டாள். கமலாட்சியின் மல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் அழுதாள். யஹ்யா கத்துவார் என்று நினைத்தாள், கத்தவில்லை. “இன்னும் ஒரு சனிக்கிழம இருக்கு. சொன்னது சொன்னதுதான்” என்றார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

அழுகை முடிந்ததும் அவளுக்கு வழமையான நோய் வந்தது. ஏன்? ஏன் ஒன்பது? ஏன் ஒருத்தி போனில் ஏழு? லப்டொப்பில் சரி, தன் போனில் சரி, பஸ் ஸ்டான்டில் மட்டும் பிழை. அப்படியானால் மில்லுக்கும் பஸ் ஸ்டான்டுக்கும் நடுவில் எங்கேயோ அது சாகிறது. எங்கே என்று பார்த்துவிட்டால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை போனைக் கையில் ஏந்திக்கொண்டு மில்லில் இருந்து இறங்கினாள். ஓர் அடி வைப்பாள், பக்கத்தைப் புதுப்பிப்பாள். வருகிறது. இன்னோர் அடி. வருகிறது. எதிரே தேங்காய்க் கடை முஸம்மில் நானா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன ஜுனைதா, போனுக்கு நடை பழக்குறியா?”

“ஓ நானா, பள்ளத்துல விழாமப் போகுமா எண்டு பாக்கிறேன்.”

தேங்காய்க் கடை வாசலில் மெதுவாக வந்தது. அதைத் தாண்டி மின்கம்பத்தடியில் சுற்றிக்கொண்டே நின்றது. இன்னும் இரண்டு அடி, வெள்ளைத் திரை. பின்னால் இரண்டு அடி, வந்தது. முன்னால், இல்லை. பின்னால், வந்தது. நான்கு தடவை போய் வந்தாள். முஸம்மில் நானா வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். ஐந்தாம் தடவை திரையின் மேல் மூலை கண்ணில் பட்டது. அந்தக் கம்பத்தடியில்தான் மில் வைஃபையின் விசிறிக் குறி மறைகிறது.

ஓடி வந்து யந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று வைஃபையை நிறுத்தினாள். லப்டொப் ஒரு முழம் தள்ளி இருக்கிறது, போனில் டேட்டா இருக்கிறது, பக்கம் இல்லை. “அட, நான் ஒரு மடச்சி!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் முகவரி என்று ஊருக்கெல்லாம் ஒட்டி வைத்தது இந்த வீட்டுச் சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகிற முகவரி. புதன்கிழமை பத்துப் போனும் திறந்தது, பத்தும் மில் வைஃபையில் இருந்ததால். வெளியே போனவர்களின் திரையில் வைஃபை அறுந்த இடத்தில் நின்ற நம்பர்தான் கடைசி வரை நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் கிடைத்த சந்தோஷம் வெட்கத்தை விழுங்கிவிட்டது.

அன்று வீடியோவில் அவள் பாதியில் விட்டிருந்த பாடத்தை மீண்டும் போட்டாள். இதுவரை ஓட்டியது எழுதுகிறவர் தன் கண்ணுக்குப் பார்த்துக்கொள்வதற்காம். ஊருக்குக் கொடுப்பதற்கு பில்ட் என்று வேறொரு கட்டளையாம். அடித்தாள். இரண்டு நொடிகூடப் போகவில்லை. டிஸ்ட் என்று ஒரு போல்டர் வந்தது. அதற்குள் பார்த்தால் விரல் விட்டு எண்ணக்கூடிய பைல்கள், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் எங்கே? அந்த ஆயிரக்கணக்கான பைல்கள்? ஒன்றைத் திறந்து பார்த்தாள். இடைவெளி இல்லை, வரி இல்லை, பெயர்கள் எல்லாம் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவள் எழுதியது எது, அந்தக் கட்டமைப்பு எது என்று பிரிக்க முடியாது. சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷமாகத் தினம் பார்க்கிற காரியம்தானே இது. மல்லியும் மிளகாயும் சீரகமும் தனித்தனியாக உள்ளே போகின்றன, தூளாக வெளியே வருகின்றன. தூளில் பிழை இருந்தால் தூளைக் கிண்டிப் பிரயோசனம் இல்லை. சாமானைச் சரிபார்த்துத் திரும்ப அரைக்க வேண்டும்.

டிஸ்ட் போல்டரை அப்படியே இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு தளத்தில் இழுத்துப் போட்டாள். புது முகவரி கிடைத்தது. வைஃபையை நிறுத்தினாள். வந்தது! மின்கம்பத்தடியிலும் வந்தது. த்ரீவீல் பிடித்து பஸ் ஸ்டான்டுக்கே போய், எல்கடுவ பஸ் நிற்கிற இடத்தில் நின்று திறந்தாள். அங்கேயும் வந்தது. பெரிய எழுத்தில் 1.

வீட்டுக்கு வந்து ஒன்றை இரண்டாக்கிச் சேவ் பண்ணினாள். போனில் 1. புதுப்பித்தாள். 1. மறுபடி சேவ். 1. இதென்ன சோதனை? நெடுநேரம் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு மெல்லப் புரிந்தது. அரைத்து அனுப்பியாயிற்று. இங்கே சாமானை மாற்றினால் அங்கே போன தூள் எப்படி மாறும்? நம்பரை மட்டும் தனியாக வேறோர் இடத்தில் வைத்து, பக்கம் அதைப் போய்க் கேட்டு வாங்குகிற வழி ஒன்று உண்டு என்று தம்பி சொன்னான். அது அடுத்த பத்து வீடியோ. நாள் ஐந்துதான் இருந்தது, நோன்புக்கு அரைக்க வருகிற கூட்டமும் தொடங்கிவிட்டது.

“சரி, ஒவ்வொரு பைக்கும் ஒரு தடவ அரைச்சுட்டாப் போகுது” என்று முடிவெடுத்தாள். அரைத்த மாவையே அரைக்கிறது என்று சொல்வார்களே, அதுதான்.

சாமான் துண்டு இருக்கும் பெக்கேஜ் பைலில் நமக்கு விருப்பமான பெயரில் கட்டளை வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்திருந்தாள். பில்டையும் மேலேற்றுவதையும் ஒன்றாகச் சேர்த்து, ஆங்கில எழுத்தில் ‘அரை’ என்று பெயர் வைத்தாள். ரன் அரை. கால் நிமிஷத்தில் வேலை முடிந்தது. போன்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ள என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது, இருபது வருஷத்துக்கு முந்திய கிளாசில் படித்த ஒரே ஒரு வரி ஞாபகம் வந்தது, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லும் வரி. போட்டாள், அது இன்னமும் வேலை செய்தது! பழைய சிநேகிதியைக் கண்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

இன்னொன்றும் கவனித்தாள். ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் பைலின் பெயருக்குப் பின்னால் ஒரு வால் மாறியது, விளங்காத ஏழெட்டு எழுத்துக்கள். எதற்கு? அதையும் விடாமல் தேடினாள். போன் பழைய பைலைத் தனக்குள் பதுக்கி வைத்துக்கொள்ளுமாம், பெயர் மாறினால்தான் புதியதைக் கேட்குமாம். மிளகாய் அரைத்த கல்லில் அரிசிமா அரைக்க முன்னால் ஒரு பிடி குருணை போட்டு எடுப்போமே என்று நினைத்துக்கொண்டாள். அதை எழுதியவன் கட்டாயம் ஒரு மில்லில் வளர்ந்தவனாக இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

வாரம் முழுக்க வாசலுக்கு வந்தவர்களிடம் எல்லாம் பிழை தன்னுடையது என்று சொன்னாள். பீபி மாமி வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாள். மாமி தேத்தண்ணி கொடுத்து ஒரு மணித்தியாலம் ஏசினார், பிறகு வருவதாகச் சொன்னார்.

கடைசிச் சனிக்கிழமை. அறுபத்திநான்கு பை. புது கியூஆர், புது முகவரி. பெண்கள் பயந்து பயந்துதான் நகர்ந்தார்கள். கமலாட்சி மட்டும் நகரவில்லை. அவள் நம்பர் பன்னிரண்டு. மிளகாய் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. ஒங்கள நம்புறேன், அந்த போன நம்ப மாட்டேன்.”

“இரி இரி. நானும் ஒன்ன மாதிரித்தான் இருப்பேன்” என்றாள் ஜுனைதா.

ஒரு பை அரைபடும். அவள் மேசைக்கு வந்து நம்பரை மாற்றி, ரன் அரை அடிப்பாள். கறுப்புத் திரையில் எழுத்து ஓடும். அடுத்த பையை எடுப்பாள். பத்தாம் நம்பர் வரும்போது வாசலை எட்டிப் பார்த்தாள். பத்துக்காரி சந்தைப் பையோடு வாசலில் நின்றாள். பதினொன்று வந்தாள். பன்னிரண்டு கமலாட்சி, இறங்கி நின்று அரைத்துக்கொண்டாள். பதின்மூன்று வந்தாள். பதினான்கு பீபி மாமி, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். “மாஷா அல்லாஹ், கறிக்கடையில நிண்டு பாத்தேன், டாண் எண்டு மாறுது!” என்றார். தூளை வாங்கினார், போனார்.

பத்தரைக்கு யஹ்யா வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பை வரிசையைப் பார்த்தார். பைகள் மட்டும் ஒழுங்காக நின்றன. ஒரு சத்தம் இல்லை.

“மெய்யாவே செஞ்சிட்டியே ஜுனைதா!” என்றார். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. “சரி, ஒன் வரிசை இருக்கட்டும். ஹோட்டல் மூட்டைய செவ்வாக்கிழமைக்குச் சொல்றேன். ஆள் தொல்லை இல்லாட்டி எனக்கென்ன?”

அவர் போனதும் ஜுனைதாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டாள். பதினேழை அரைத்தாள், நம்பரை மாற்றினாள். பதினெட்டுக்காரி வந்தாள், வாங்கினாள், சலாம் சொன்னாள், போனாள். பத்தொன்பதுக்காரி புதிதாகக் கலியாணம் முடித்த பிள்ளை, அவளிடம் எவ்வளவோ கேட்க இருந்தது. “போய்ட்டு வாறேன் ராத்தா, பிறகு சந்திப்போம்” என்று அவளும் போனாள். இருபதும் அப்படியே போனாள். யந்திரம் தனியாக ஓடியது. நோன்புக்கு முந்திய சனிக்கிழமை, வருஷத்திலேயே வாசல் கலகலக்கிற நாள், கமலாட்சியைத் தவிர ஒரு மனிசி இல்லை.

“என்னக்கா, மில்லு லீவு விட்ட ஸ்கூல் மாதிரி கெடக்கு?” என்றாள் கமலாட்சி.

ஜுனைதா வெறும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண்களை அனுப்பக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடுபட்டாள்? யஹ்யாவால் செய்ய முடியாமல் போனதை அவள் தன் கையாலேயே செய்து முடித்திருந்தாள். பைக்கு ஒரு தடவை, ரன் அரை, ரன் அரை என்று.

மேசையில் உட்கார்ந்து தன் பைலைப் பார்த்தாள். நம்பர் காட்டும் வரி ஒன்றுதான். அதன் பின்னால் கேர்சரை வைத்தாள். ஒரு கூட்டல் குறி போட்டாள். பக்கத்தில் 4 என்று அடித்தாள். இங்கே இருபத்தொன்று என்றால் போன்களில் இருபத்தைந்து. சேவ் பண்ணினாள். ரன் அரை.

இருபத்தொன்றுக்காரி வந்து நின்று ஐந்து நிமிஷம் போகவில்லை. இருபத்திரண்டுக்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “ராத்தா! என்ட நம்பர் போயிட்டா?” அவளுக்குப் பின்னால் இருபத்துமூன்று, அவளுக்குப் பின்னால் கையில் பாதி உரித்த தோடம்பழத்தோடு இருபத்துநான்கு.

“போகல்ல, போகல்ல. கொஞ்சம் நேரம் இருக்கு. இப்புடி உக்காருங்க” என்றாள் ஜுனைதா. உட்கார்ந்தார்கள். தோடம்பழம் நாலாகப் பங்கு போனது. “அது சரி, ஒங்க மகளுக்குப் பேசின எடம் என்ன ஆச்சு?” என்று ஒருத்தி தொடங்கினாள்.

பன்னிரண்டரைக்கு யஹ்யா மறுபடி எட்டிப் பார்த்தார். எப்போது பார்த்தாலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பது அவருக்கு விளங்கவில்லை. “என்ன, இவங்க மட்டும் இருக்கிறாங்க?”

“முறை வாற நேரம் ஆள் ஆயத்தமா இருக்க வேணாமா? பஸ்ஸத் தவற விட்டா நீங்களா கொண்டு போய் விடுவீங்க?” என்றாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது, போய்விட்டார்.

கமலாட்சியின் பை எப்போதோ அரைபட்டுவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது, அவள் மறுபடி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். போனை நம்ப மாட்டேன் என்றவள் இப்போது யாருடையதோ போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். யந்திரத்தடியில் இருந்த பையின் துண்டைப் பார்த்தாள். முப்பத்துமூன்று. போனைப் பார்த்தாள். முப்பத்தேழு. விரல் விட்டு எண்ணினாள். பிறகு நிமிர்ந்து ஜுனைதாவைப் பார்த்தாள்.

ஜுனைதாவின் கை மேசையில் அப்படியே நின்றுவிட்டது. போன வாரம் இந்த நம்பரை நம்பி பஸ்ஸை விட்டவள் இவள்தான். இவள் இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

கமலாட்சி எழுந்து வந்தாள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி மாமியார் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், மற்ற மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கமலாட்சி அவர்களைத் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு, ஜுனைதாவின் காதருகே குனிந்தாள்.

“அக்கா, நாலு பத்தாது” என்றாள். “ஆறு போடுங்க.”